ஏரிக்கரையில் ஏறிய முள்

அன்றைக்கு அவளுக்கு விடிந்ததே சரியில்லை. காலையில், புது ஊதா நெயில் பாலிஷ் காலியாகிக் கிடந்தது; திட்டியதும், "நான் தொடவே இல்லைம்மா" என்று மகள் அழுதாள். மதியம் குழாயில் தண்ணீர் நின்றது. சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கப் போன இடத்தில் நாயின் பாதத்தில் தூண்டில் முள் ஏறிவிட்டது.

நாய் டாக்டரின் மேஜைமேல் நாய் முனகியது. கணவர் கொதித்தார்.

"நானும் வாராவாரம் அங்க தூண்டில் போடுறவன்தான் டாக்டர். அறுந்த தூண்டில் நரம்பையும் முள்ளையும் சுருட்டி டப்பாவுல போட்டு எடுத்துட்டு வரவேண்டாமா? குழந்தைங்க வெறுங்காலோட ஓடுற கரை."

"சார், காலைக் கொஞ்சம் பிடிங்க" என்றார் டாக்டர், மூன்றாவது தடவையாக.

"அதில்லை டாக்டர், இவனுங்களை எல்லாம்..."

"ஊரைத் திருத்துறது அப்புறம். முதல்ல காலைப் பிடிங்க" என்று பல்லைக் கடித்தாள் அவள்.

ஒருவழியாக முள் வெளியே வந்தது. டாக்டர் அதைத் துடைத்து விளக்கடியில் திருப்பினார்.

"இதென்ன, காம்புல ஊதா கலர் பூசியிருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

"மத்தவங்க முள்ளோட கலந்துடக் கூடாதேன்னு..." என்று இழுத்தார். "ஒரு அடையாளத்துக்கு..."

"காலையில நான் அவளைத் திட்டினப்போ எதிர்லதானே உட்கார்ந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க?"

யாரும் சொல்லாமலே அவர் நாயின் காலை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.