குறி தப்பாத வில்வளவன்

கூட்டத்தைப் பார்த்ததும் என் கணவர் நின்றுவிட்டார்.

சிதம்பரம் மேலவீதியில் ஒரு நகைக்கடைத் திறப்பு விழா. பந்தல், செண்டை மேளம், உச்சி வெயில்.

"செல்வி, செத்த நில்லு. யாரு வராருன்னு பாரு. வில்வளவன்."

எங்கள் வயதுக்காரர்களுக்கு அந்தப் பெயர் போதும். ஞாயிற்றுக்கிழமைக் காலைத் தொடர். கண்ணைக் கட்டிவிட்டாலும் குறி தப்பாத வில்லாளி. மாதா கோயிலில் பூசை முடிந்ததும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டிவி இருக்கும் வீட்டுக்கு ஓடுவேன்.

ஆனால் இன்றைக்கா?

சற்று முன்புதான் நரம்பு டாக்டர் என் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தார். இந்த நடுக்கம் இனி போகாது. வயதாக ஆகக் கூடும். மாத்திரை போட்டால் கொஞ்சம் கட்டுக்குள் இருக்கும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். நூலைப் பல்லில் கடித்து, இரண்டு கையாலும் இழுத்துப் புருவம் திருத்துகிற வேலை. போன மாதம் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் புருவம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது. அவள் காசைக் கொடுத்துவிட்டுப் போனாள். திரும்ப வரவேயில்லை.

இந்த மனிதருக்கு வேடிக்கை கேட்கிறது.

"பஸ்ஸு போயிடும்ங்க" என்றேன்.

காதில் விழாதவர் போல என்னை இழுத்துக்கொண்டு போய், முன்வரிசையில், கயிற்றை ஒட்டி நிறுத்தினார். யாரோ காலை மிதித்தார்கள். பசி வேறு. கல்யாணமான நாளிலிருந்து எந்த நடிகருக்காகவும் இவர் தெருவில் நின்றதில்லை. இன்றைக்குப் பார்த்தா இந்த ஆசை வர வேண்டும்?

கார் வந்தது. வில்வளவன் இறங்கவில்லை, இறக்கினார்கள். எழுபதைத் தாண்டிய ஒல்லியான கிழவர். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. எனக்கு எரிச்சல் இன்னும் ஏறியது. இதைப் பார்க்கவா நிறுத்தி வைத்தார்?

கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். ஆடியது. கத்தரிக்கோல் ரிப்பனுக்கு மேலே போனது, கீழே போனது. கடைக்காரர் பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடிக்க வந்தார்.

"விடுங்க தம்பி. பத்து வருஷமா இப்படித்தான். கொஞ்சம் நேரமாவும், அவ்வளவுதான்."

மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டது.

மறுபடி தப்பியது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு இடது கையால் ரிப்பனைப் பிடித்து இழுத்து, கத்தரிக்கோலின் வாய்க்குள் கொண்டுவந்து வைத்து வெட்டினார்.

ஒரு பிளாஸ்டிக் வில்லை நீட்டி போஸ் கொடுக்கச் சொன்னார்கள். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து காபி கேட்டார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மீசையில் பட்டதைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகக் குடித்து முடித்தார்.

பத்து வருஷம். பார்லரைப் பூட்டுகிற நாளை மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறமும் வருஷங்கள் இருக்கும் என்று தோன்றியிருக்கவில்லை.

திரும்பினேன். என் கணவர் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். கோபம் முழுதாக இறங்கவில்லை. நாளைக்கு வருகிறவர்களிடம் கையைப் பற்றி என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏன் செல்வி, அந்த நாடகத்துல இவரு குதிரையில வருவாரா, நடந்து வருவாரா?"

வில்வளவன் வந்தது ஒட்டகத்தில். பார்த்தவர்கள் யாரும் அந்த ஒட்டகத்தை மறந்திருக்க முடியாது.

தேவனாம்பட்டினத்தில் இவர் வளர்ந்த தெருவுக்கு அப்போது கரண்டே வந்திருக்கவில்லை. நான் சொல்லித்தான் அந்தப் பெயரே தெரியும்; வில்வளவனை இவர் இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்திருக்கிறார்.