எதிர் வீட்டுக்கு ரசம்

காய்ச்சலில் கிடந்த திலகம் அக்கா போனில் கேட்டது சூடான மிளகு ரசம், அவ்வளவுதான். அக்கா வீடு நேர் எதிரே. நடுவில் எட்டு வழிச் சாலை, அதற்கும் நடுவில் இடுப்பளவு தடுப்புச் சுவர்.

"எதிர் வீட்டுக்குன்னா நடந்தா போவாங்க? ஏறு, நான் கொண்டுபோய் விடுறேன்," என்றான் செங்கமலத்தின் கணவன் குணசீலன். புதுக் கார். அவள் ரசப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

எதிர்ப்பக்கம் திரும்புகிற பாலத்தடியில் வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. லாரிப் புகை, சீட்டின் பிளாஸ்டிக் நெடி, பக்கத்துக் காரிலிருந்து ஒருவன் துப்பிய வெற்றிலைச் சாறு. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். மடியில் ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

"ஏசி எப்படி ஜில்லுனு இருக்கு பாத்தியா?" என்றான் குணசீலன்.

அக்கா வீட்டு வாசல் வந்தது. அதை அடைத்துக் கார்கள். மாடியில் அக்கா போர்வையோடு கையசைத்தாள். பின்னால் ஹாரன்கள் அலறின. நிறுத்த இடமில்லாமல் உருண்டுகொண்டே போன வண்டி, அடுத்த பாலத்தில் திரும்பி, கடைசியில் அவர்கள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

"இன்னொரு ரவுண்டு போவமா?"

செங்கமலம் உள்ளே போய் ரசத்தைச் சூடாக்கினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாத்திரத்தோடு சாலையோரம் வந்தாள்.

"ஏய், நடந்து போனா வீட்ல காரே இல்லன்னு நெனைப்பாங்கடி!"

எதிரே அக்கா டம்ளரோடு கீழே இறங்கி வந்து நின்றிருந்தாள். செங்கமலம் சாலையில் காலை வைத்தாள். ஒரு கார்கூட வேகத்தைக் குறைக்கவில்லை.