அரசியின் இடது காது

அறிவுச்செல்வன் சேர்த்து வைத்திருந்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் ஒன்றில் ஓர் அரசியின் முகம் இருந்தது. அதை வேலூர் நண்பருக்குக் கொடுத்துவிட்டு வேறொரு காசு வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. மறுநாள் காலை அவர் வருவார். அரசி எப்போதும் வலப்பக்கம் பார்த்திருப்பாள். அதனால் வலது காது மட்டும்தான் தெரியும்.

அன்று கார்த்திகை தீபம். ஜன்னலோரம் உட்கார்ந்து காசைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"லைட்ட நிறுத்துங்க, ஏத்தப் போறாங்க," என்றாள் மனைவி எழிலரசி.

ஊரே இருட்டாயிற்று. மலையுச்சியில் தீபம் எழுந்ததும் தெருவெல்லாம் "அரோகரா" என்றது. இருவரும் ஜன்னலில் நின்று கும்பிட்டார்கள். எழிலரசி வீட்டு அகல்களை ஏற்றினாள்.

அந்த வெளிச்சத்தில் காசைத் துணியில் மடிக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். அரசி இடப்பக்கம் திரும்பியிருந்தாள். மலை அந்தப் பக்கம்தான். இரண்டாயிரம் வருஷமாக யாரும் பார்த்திராத இடது காது தெரிந்தது. அதில் தொங்கிய முத்து இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

எழிலரசியும் வந்து பார்த்தாள். அவள் கைகள் தாமாகக் குவிந்தன.

"மூடாதீங்க," என்றாள் மெதுவாக. "வேலூர்க்காரர அப்புறம் வரச் சொல்லுங்க. மலைல தீபம் எரியுற பதினோரு நாளும் அந்தம்மா பாக்கட்டும்."