மழைக்கணக்கில் வந்த மலை

1982இல் கோவையிலிருந்து பல்கலைக்கழகத்தார் ஒரு கம்ப்யூட்டரை வேனில் ஏற்றிக் குன்னூருக்குக் கொண்டுவந்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி. அரவேணுப் பள்ளி ஆசிரியை தபித்தாள் முதல் ஆளாக வந்து நின்றாள்.

கோத்தகிரியின் மாதாந்திர மழையளவைத் தட்டினால், இயந்திரம் அதை நட்சத்திரக் குறிகளால் வரைபடமாக அச்சடிக்கும். தபித்தாள் தட்டினாள். தாளில் ஒரு மலை வந்தது.

"சார், இது எங்க ஹட்டன் மலை! லயத்து வாசல்ல நின்னா இப்படியேதான் தெரியும்!" என்று கத்தினாள்.

அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பிறந்து, சிறுமியாகக் கப்பலேறி வந்தவள். அக்கா எஸ்தர் இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காததால் அங்கேயே தங்கிவிட்டாள். சில வருஷங்களாக அவளைப் பற்றித் தகவலே இல்லை.

பயிற்சி தந்த பேராசிரியர் செல்லதுரை சிரித்தார். "தற்செயலா வந்திருக்குமுங்க. அதே நம்பரை மறுபடி போடுங்க."

இரண்டாம் தாளில் மலையடியில் லயம் இருந்தது. எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். மூன்றாம் தாளில் லயத்து வாசலில் ஒரு பெண் நின்றாள். செல்லதுரை வயர்களைச் சரிபார்த்தார். எதிலும் பழுதில்லை.

நான்காம் தாளில் வாசல் காலியாக இருந்தது. அந்தப் பெண் தலையில் டிரங்குப் பெட்டியுடன் பாதையில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தாள்.

தபித்தாள் அந்த உருவத்தை விரலால் தொட்டு, "அக்கா" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், பேப்பர் இன்னும் இருக்குங்களா?"

"ஒரு பெட்டி இருக்குதுங்கம்மா."

"யாரும் மெஷினை ஆஃப் பண்ணிராதீங்க" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு மறுபடியும் தட்டினாள்.