நூத்துக்குப் பதினெட்டு

இருபது வருடம் கூடவே வேலை பார்த்த கூட்டாளி கழுத்தறுப்பான் என்று உலை மேஸ்திரி கனவிலும் நினைக்கவில்லை.

டைட்டானியக் கருமணலைக் கரியோடு உருக்கி இரும்பைப் பிரிக்கும் ஆலை அது. நூறு கிலோ மணலுக்கு எத்தனை கிலோ கரி என்பதுதான் தொழில் ரகசியம். மணல் மாறும்போதெல்லாம் அந்த அளவும் மாறும். முதலாளியைத் தவிர அது தெரிந்தவர்கள் இவர்கள் இருவர்தான். ஆனாலும் மூன்று மாதமாக அது போட்டி ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"சத்தியமா நான் வாயத் திறக்கலப்பா," என்று கெஞ்சினான் கூட்டாளி.

"அப்ப உலையா நடந்து போய்ச் சொல்லுச்சு?"

மேஸ்திரியே கைகாட்டிவிட, கூட்டாளியின் வேலை போனது.

வீட்டில் மனைவிதான் ஆறுதல் சொன்னாள். "விடுங்க, நன்றிகெட்ட ஜென்மம்." பிறகு எப்போதும்போலப் பேச்சோடு பேச்சாகக் கேட்டாள். "புது மணலுக்கு எவ்வளவு கரிங்க?"

"நூத்துக்குப் பதினெட்டு."

ஒரு வாரம் கழித்து, சாப்பிட உட்கார்ந்த மேஸ்திரியை முதலாளி போனில் கூப்பிட்டார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மேஸ்திரி, சங்கதி தெரியுமா? போட்டிக்காரன் உலையில கரி மிஞ்சி, கசடு கல்லாட்டம் உறைஞ்சு போச்சாம்! பதினொண்ணு போடற இடத்துல பதினெட்டு போட்டிருக்கானுங்க!"

மேஸ்திரி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். இந்தத் தடவை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்ததால், அன்று மேஸ்திரி வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லி வைத்திருந்தார். ஒரே ஒருவரிடம்தான்.

உள்ளேயிருந்து மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"அந்த ஆலையில என் தம்பிய வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களாம். ஏங்க, கட்டின பொண்டாட்டிகிட்டயேவா பொய் சொல்லுவீங்க?"