முன்வாசல் விலாசம்

முன்வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

நடுமுற்றத்து வளவைக் கூட்டிக்கொண்டிருந்த மரிய அனிதா துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

அந்தக் கதவை யாரும் தட்டுவதில்லை. வீட்டுக்காரச் செட்டியார்கள் பங்காளிக் காய்ச்சலில் ஆளுக்கொரு பூட்டை வெளியே தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். முன்னோர் படைப்புக்குச் சாமி கும்பிட எல்லோரும் ஊருக்கு வந்தால்தான் எல்லாச் சாவியும் ஒன்றுசேரும். அதுவரை உள்ளே கூட்டிப் பெருக்குவது, பின்கட்டில் வாடகைக்கு இருக்கிற அனிதாவின் வேலை.

வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. காரைக்குடி முனிசிபாலிட்டியும் நடுவில் எங்கேயோ முடிந்துவிடுகிறது. முன்வாசல் டவுன். பின்வாசல் சாக்கோட்டை யூனியன்.

அதனால் நமக்கென்ன என்றுதான் அவளும் இருந்தாள், மெட்ராஸ் கம்பெனியில் மெம்பர் ஆகும் வரைக்கும்.

பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, கோயம்புத்தூர் மில்லில் இருக்கிற அவள் கணவன்தான் சேர்த்துவிட்டான். மெம்பர் ஆனால் எந்தச் சாமானும் வீடு தேடி வரும். ஆனால் வீடு டவுனுக்குள் இருக்க வேண்டும். கூரியர் ஆபீசுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதுவும் கூடாதாம். வாசலில் வைத்துக் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பார்களாம். ஆள் இல்லையென்றால் சாமான் மெட்ராசுக்கே திரும்பிவிடும்.

அவள் கேட்டது மிக்சியோ டேப்ரிக்கார்டரோ இல்லை. மருந்தைப் புகையாக்கி மூச்சுக்குள் அனுப்புகிற ஒரு சின்ன மெஷின்.

மழை பிடித்தால் மகள் பெல்சிக்கு மூச்சு இழுக்கும். உதடு நீலம் பாரித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடி ஓடி, மேகம் கூடினாலே அனிதா துண்டை எடுத்து வைத்துக்கொள்வாள். போன தடவை டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்த மெஷினை வீட்டிலேயே வாங்கி வைக்கச் சொன்னவரும் அவர்தான். காரைக்குடிக் கடைகளில் அது கிடைக்கவில்லை.

"முன்வாசல் விலாசத்தக் குடு தாயி, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று கூரியரில் இருக்கிற வேண்டியவர் ஒருவர் சொன்னதை நம்பித்தான் எழுதிப்போட்டாள்.

"மரிய அனிதாங்கிறது யாரு? மெட்ராஸ் பார்சல். உள்ள யாரும் இருக்கீகளா?"

அவர் குரலைக் கேட்டதும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. ஆனால் அது ஏன் இப்படி விறைத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் விளங்கவில்லை.

உள்தாழ்ப்பாளை நீக்கி இழுத்தாள். கதவு ஒரு விரற்கடை விலகியது. வெளியே பூட்டுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

சந்து வழியே அட்டைப்பெட்டியின் மூலை தெரிந்தது. அதற்குப் பின்னால், பாலிஷ் போட்ட ஷூக்கால்கள். இன்று பார்த்து ஆபீசிலிருந்து பெரியவர் யாரோ கூடவே வந்திருக்கிறார்.

"நான்தான் அனிதா. பூட்டிக் கெடக்கு. பின்வாசல் வழியாச் சுத்தி ஓடியாரேன், நில்லுங்கண்ணே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பின்வாசல்னா யூனியன்ல? அது நம்ம லிமிட் இல்லையே" என்றார் ஷூக்காரர். "யாருய்யா இந்தம்மா? ஒனக்குத் தெரியுமா?"

அனிதா கதவோடு ஒட்டிக்கொண்டாள். தெரியும் சார், இந்த வீட்டு ஆள்தான். அவ்வளவு அவர் சொன்னால் போதும். பெட்டி கைக்கு வந்துவிடும். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தாள். அதில் அவளுக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

பெட்டியின் மூலை லேசாக ஆடியது.

"தெரியாது சார். நான் பாத்ததே இல்ல."

தூணில் சாய்ந்திருந்த பெல்சியை வாரி இடுப்பில் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியே இறங்கித் தெருவைச் சுற்றி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் முன்தெரு வெறிச்சோடிவிட்டது. கதவில் சாக்பீசால் 'ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பெல்சிக்கு இழுக்கத் தொடங்கியது.

அனிதா பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பின்தெருவில் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவைத்தான் தட்டுவாள்.

ஞானசேகர் திறந்தார். கூரியர் கம்பெனிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் தெருவில் இறக்கினார்.

"ஏறு தாயி."

வேலை போனால் அவர் வீட்டிலும் அடுப்பு எரியாது. அது அனிதாவுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை. பின்னால் ஏறி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டாள்.

டவுனுக்குப் போக முன்தெருதான் வழி. பூட்டுகள் தொங்கிய கதவில் சாரல் அடித்து, அவர் எழுதிய எழுத்து வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் அவர் பெடலை அழுத்தி மிதித்தார்.

மூச்சுக்குத் திணறிக்கொண்டே பெல்சி கையை நீட்டி, எப்போதும்போல அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளுடைய ஞானத்தகப்பன். மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்து அவள் தலையில் தண்ணீர் ஊற்றிய அன்று, இன்னும் பேச்சு வராத பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு, சாமியார் கேட்டதற்கெல்லாம் அவளுக்காகப் பதில் சொன்னவர் அவர்தான்.