கையில் இல்லாத சாவி

"ரெண்டு சாவி பதிஞ்சிருக்குனு காட்டுதே தங்கச்சி. நீங்க ஒண்ணுதானே கொண்டாந்தீங்க?"

வேனின் ஸ்டியரிங்குக்குக் கீழே மெஷினைச் செருகிவிட்டு மேர்வின் கேட்டார். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சாவிக்கடை வைத்திருப்பவர்.

கோசலா தெருவுக்கு அந்தப் பக்கம், சாப்பாட்டுக் கடை வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த புருஷன் யோகேஸ்வரனைப் பார்த்தாள்.

ஜப்பானிலிருந்து வரும்போதே வேனுக்கு ஒரே சாவிதான் வந்தது என்று யோகேஸ்வரன் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தான்.

ஆடி மாதம் அவன் காய்ச்சலில் படுத்திருந்தான். சாவி தலையணைக்கடியில். வேன் கராஜில் நிற்கிறது என்றான். நாட்டு வைத்தியரிடம் அவனுக்கு மருந்து வாங்க பஸ்ஸில் கினிகத்தேனைக்குப் போன கோசலா, அந்த வேன் எதிரே வருவதைக் கண்டாள்.

ஜெயந்தினியின் தம்பி ஓட்டினான். முன் சீட்டில் ஜெயந்தினி, சொந்த வண்டி போல ஜன்னலில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். அவள் யோகேஸ்வரனுக்கு யார் என்பது ஊருக்கே தெரியும். கோசலாவிடம் மட்டும்தான் யாரும் சொல்வதில்லை.

வீட்டுக்கு வந்து கேட்டாள்.

"ஒனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு புள்ள. போயி கண்ணக் காட்டிட்டு வா" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். முழு வேனைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மகாராசன்.

அவளும் போனாள். செவ்வாய்க்கிழமை தோறும் கண் காட்டுவதற்கென்று நுவரெலியாவுக்குப் போனாள். எந்த டாக்டர், என்ன மருந்து என்று அவன் ஒருநாளும் கேட்கவில்லை. அவள் வீட்டில் இல்லாத செவ்வாய் அவனுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

குவைத்தில் ஆறு வருடம் அடுத்தவர் வீட்டுக் கக்கூசு கழுவி அவள் வாங்கிய வேன் அது. அவனுக்கு ஏழரைச் சனி, அவன் பெயரில் வாகனம் எடுத்தால் ஆகாது என்று சாஸ்திரக்காரர் சொன்னதால், அவனே முன்னின்று அவள் பெயரில் பதிந்தான்.

"பேரு மட்டுந்தான் ஒன்னோடது" என்பான், கூட்டாளிகளுக்கு முன்னால், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை. மறக்க அவளுக்கு விருப்பமும் இல்லை.

மலை யாத்திரை சீசன் வருகிறது, இருக்கிற ஒரே சாவியும் வழியில் தொலைந்தால் என்ன செய்வது, புதுசு ஒன்று செய்துவைப்போம் என்று அவள்தான் பேச்செடுத்தாள். அவனால் மறுக்க முடியவில்லை. அவன் பொய்யே அவன் வாயை அடைத்துவிட்டது.

பழைய சாவியைக் காட்டி, வேனில் பதிந்திருந்த சாவிகளையெல்லாம் மேர்வின் அழித்தார். இனி ஒவ்வொன்றாகத் திரும்பப் பதிய வேண்டும்.

புதுச் சாவியைக் காட்டினார். ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி காட்டினார். மறுபடியும் மெஷினில் சிவப்பு விளக்கு.

"பழசு பக்கத்துல இருந்தா புதுசு பதியாது. அதக் கொஞ்சம் தூரமா வச்சிட்டு வாங்க."

கோசலா பழைய சாவியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். யோகேஸ்வரனின் சட்டைப் பையில் தன் கையாலேயே போட்டாள்.

"இது ஒங்ககிட்டயே இருக்கட்டுங்க."

அவன் பையைத் தட்டிப் பார்த்துச் சிரித்தான். அதே சிரிப்பு.

அவள் திரும்பி வந்தபோது பச்சை எரிந்தது.

"இனி பழசக் கொண்டாங்க, அதையும் பதிஞ்சிருவோம். பதியலனா அது வெறும் பிளாஸ்டிக்குதான். யாருகிட்டயோ இருக்கிற அந்த ரெண்டாவதும் அப்படித்தான்."

"வேணாம் அண்ணே. இது ஒண்ணு போதும்."

மேர்வின் அவளைப் பார்த்தார். எதிர்க்கடையைப் பார்த்தார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயரை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு மெஷினைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

கோசலா ஏறி உட்கார்ந்து கதவைப் பூட்டி, சீட்டைத் தன் காலுக்கு எட்டுகிற மாதிரி முன்னால் இழுத்தாள். அவள் நெஞ்சு குளிர்ந்திருந்தது.

எஞ்சின் சத்தம் கேட்டு யோகேஸ்வரன் டீக் கிளாசோடு ஓடிவந்தான். பையிலிருந்த சாவியை எடுத்து அமுக்கினான். கதவு அசையவில்லை.

"ஏய், ஒனக்கு ஓட்டத் தெரியாதுடி!"

அவளுக்கு லைசன்ஸ் கிடைத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அதற்காக முதல் செவ்வாய் எடுத்த மருத்துவச் சான்றிதழில், இரண்டு கண்ணிலும் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். மிச்சச் செவ்வாய்களில் எல்லாம் லேர்னர்ஸ் மாஸ்டர் பக்கத்தில் இருக்க, நுவரெலியாவில் ஓட்டிப் பழகினாள்.

வண்டியை எடுப்பதற்கு முன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும் என்பது மாஸ்டர் சொல்லித் தந்த முதல் பாடம்.

பார்த்தாள். நடுத்தெருவில் நின்று அவன் இன்னும் சாவியை அமுக்கிக்கொண்டிருந்தான். பனி மூட்டத்திலும் அவன் முகம் நன்றாகவே தெரிந்தது.